குறி தப்பவில்லை என்று எப்படித் தெரியும்?

(நம் கல்லூரி முன்னாள் மாணவர் சங்கம் ஸ்ரீமுஷ்ணத்தில் நடத்திய கூடுகையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஸ்ரீமுஷ்ணம் என் சொந்த ஊர். ஆழத்தில் மறைந்து கிடந்த பூமியைத் தேடிக் கண்டுபிடித்து மேலே கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் வராகப் பெருமாளின் ஊர். ஆழத்தில் இருப்பதைச் சரியாகக் கண்டு, சரியாக வெளியே எடுப்பது பற்றிப் பேச இதைவிடப் பொருத்தமான ஊர் எனக்குக் கிடைக்காது.

"உன் தொழிலில் இருந்து ஒரு விஷயத்தை எடுத்துக்கொள். பசங்களுக்குப் பயன்படுகிற மாதிரிப் பேசு. அரை மணிக்கு மேல் வேண்டாம்" என்று செயலாளர் அண்ணன் கட்டளையிட்டிருக்கிறார். ஸ்கேன் கருவிகளையும் அறுவை அரங்குக் கருவிகளையும் மருத்துவமனைகளில் நிறுவுவது, சோதிப்பது, பழுது பார்ப்பது என் தொழில். நான் டாக்டர் இல்லை. ஆகவே மருத்துவ ஆலோசனை எதுவும் என் பேச்சில் இருக்காது. ஓர் எஞ்சினியரின் கண்ணுக்குப் பட்டதை மட்டும் சொல்கிறேன். எடுத்துக்கொண்டிருக்கும் பொருள் மூளையில் செய்யும் ஸ்டீரியோடாக்டிக் பயாப்ஸி. அதிலும் குறிப்பாக, ஊசி போக வேண்டிய இடத்துக்குத்தான் போனதா என்பதைப் பின்னால் எப்படி உறுதி செய்கிறார்கள் என்பது.

பிரச்சினை என்ன?

ஒருவருக்கு வலிப்பு வருகிறது, அல்லது ஒரு கை மெல்ல மெல்ல பலம் இழக்கிறது. ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் மூளைக்குள் ஆழத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி. அது புற்றுக் கட்டியாக இருக்கலாம், காசநோய்க் கட்டியாக இருக்கலாம், சீழ்க்கட்டியாக இருக்கலாம். மூன்றும் படத்தில் சில சமயம் அண்ணன் தம்பி போலவே இருக்கும். வைத்தியமோ மூன்றுக்கும் வேறு வேறு. ஒன்றுக்குக் கதிர்வீச்சு, இன்னொன்றுக்கு மாதக்கணக்கில் மாத்திரை, மூன்றாவதற்குச் சீழை எடுத்துவிட்டு ஆன்டிபயாட்டிக். மாற்றிக் கொடுத்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

எனவே ஒரு துளி திசு வேண்டும். அரிசி மணி அளவு கிடைத்தால் போதும். அதற்காக மண்டையைப் பெரிதாகத் திறக்காமல், சிறு துளை வழியாக மெல்லிய ஊசியை அனுப்பி எடுப்பதுதான் ஸ்டீரியோடாக்டிக் பயாப்ஸி. கண்ணால் பார்க்காமலேயே குறி வைக்கிறோம் என்பதுதான் இதன் சிறப்பு. இதன் சங்கடமும் அதுதான்.

எண்களால் குறி வைப்பது

1908-ல் லண்டனில் விக்டர் ஹார்ஸ்லி, ராபர்ட் கிளார்க் என்ற இருவரும் விலங்குகளின் மூளைக்குள் நீளம், அகலம், உயரம் என்ற மூன்று எண்களைக் கொண்டு ஊசியைச் செலுத்தும் சட்டம் ஒன்றை உருவாக்கினார்கள். மனிதருக்கு அதைக் கொண்டுவந்தவர்கள் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ஸ்பீகலும் வைசிஸும். ஆண்டு 1947. அடுத்து 1949-ல் ஸ்வீடன் நாட்டு லார்ஸ் லெக்ஸெல் தன் வில் வடிவக் கருவியை அறிவித்தார். அரைவட்ட வில்லின் மையத்தில் குறி இருக்கும். வில்லின் எந்த இடத்திலிருந்து ஊசியை விட்டாலும் நேராக மையத்துக்கே வந்து சேரும். மெக்கானிக்கல் மாணவர்கள் ரசிக்க வேண்டிய வடிவமைப்பு!

நம் தமிழ்நாடும் பின்தங்கி இருக்கவில்லை. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1949-ல் டாக்டர் ஜேக்கப் சாண்டி நாட்டின் முதல் மூளை அறுவைத் துறையைத் தொடங்கினார். மறு ஆண்டே சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் டாக்டர் பி. ராமமூர்த்தி தொடங்கினார். அவரும் டாக்டர் பாலசுப்பிரமணியமும் டாக்டர் கல்யாணராமனும் 1960-களிலேயே ஸ்டீரியோடாக்டிக் அறுவையில் உலகம் கவனித்த பணிகளைச் செய்தவர்கள்.

அப்போது சி.டி. ஸ்கேன் கிடையாது. சாதாரண எக்ஸ்ரேயில் மூளை தெரியாது. மூளையின் நடுவிலுள்ள நீர் அறைகளுக்குள் காற்றையோ எக்ஸ்ரேயில் தெரியும் மருந்தையோ செலுத்திப் படம் எடுத்து, அந்த அறைகளின் ஓரத்திலிருந்து அளந்து குறியைக் கணக்கிடுவார்கள். சரியான இடத்துக்கு வந்துவிட்டோமா என்று எப்படித் தெரிந்துகொண்டார்கள்? கை நடுக்க நோயாளி என்றால் அவர் விழித்தபடியே இருப்பார். ஊசி முனையில் மெல்லிய மின்சாரம் கொடுத்துப் பார்ப்பார்கள். நடுக்கம் நின்றால் இடம் சரி. நோயாளியின் கையே சாட்சி சொல்லிவிடும். பயாப்ஸியில் அப்படி ஒரு சாட்சி கிடையாது. கட்டி பேசாது.

பிறகு வந்தது சி.டி. ஸ்கேன். அதைக் கண்டுபிடித்த காட்ஃப்ரே ஹௌன்ஸ்ஃபீல்ட் ஒரு எஞ்சினியர். பல்கலைக்கழகப் பட்டம்கூட இல்லாதவர். 1971 அக்டோபர் 1 அன்று லண்டன் அட்கின்சன் மார்லி மருத்துவமனையில் முதல் நோயாளியின் தலை படம் பிடிக்கப்பட்டது. 1979-ல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. மதிப்பெண்ணை நினைத்துக் கவலைப்படும் மாணவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம். பேராசிரியர்கள் மன்னிக்கவும்!

சி.டி. படம் வெட்டிய வெங்காய வளையம் மாதிரி, ஒவ்வொரு அடுக்காக வரும். அந்த அடுக்கு தலையில் எந்த உயரத்தில் வெட்டப்பட்டது என்பதைப் படத்தை மட்டும் வைத்துச் சொல்ல வேண்டும். இதற்கு 1978-ல் விடை கண்டவர் யூட்டா பல்கலைக்கழகத்தின் மருத்துவ மாணவர் ரஸ்ஸல் பிரௌன். தலையைச் சுற்றிய சட்டத்தில் ஆங்கில 'என்' எழுத்து வடிவில் கம்பிகளைப் பொருத்தினார். இரண்டு செங்குத்துக் கம்பி, நடுவே ஒரு சாய்வுக் கம்பி. படத்தில் அவை மூன்று புள்ளிகளாகத் தெரியும். அடுக்கு மேலே போகப் போக நடுப்புள்ளி ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு நகரும். உதாரணத்துக்கு, வெளிப்புள்ளிகளுக்கு இடையே 120 மில்லிமீட்டர், நடுப்புள்ளி கீழ்முனை சேரும் கம்பியிலிருந்து 45 மில்லிமீட்டர், சட்டத்தின் உயரம் 160 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 45-ஐ 120-ஆல் வகுத்து 160-ஆல் பெருக்கினால் 60. அந்த அடுக்கு 60 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஒத்த முக்கோணம், அவ்வளவுதான்! பள்ளிக்கூடக் கணக்கு ஓர் உயிரைக் காப்பாற்றுகிறது.

எங்கே தப்பலாம்?

கணக்கு இவ்வளவு சுத்தமாக இருக்க, குறி ஏன் தப்புகிறது என்று கேட்கலாம். கணக்கு சட்டத்துக்குச் சரி. ஆனால் ஊசி போவது உயிருள்ள மூளைக்குள்.

மண்டை ஓட்டில் திருகி இறுக்கிய முள் சிறிது தளரலாம். ஸ்கேன் அடுக்கு தடிமனாக இருந்தால் அந்தத் தடிமன் அளவுக்கு உயரத்தில் சந்தேகம் இருக்கும். எம்.ஆர்.ஐ. படத்தில் காந்தப் புலத்தின் கோளாறால் உருவம் லேசாக வளையலாம். எண்ணைப் படித்து எழுதும்போது இடம் மாறலாம். நீண்ட மெல்லிய ஊசி வளையலாம். துளை போட்டதும் மூளையைச் சுற்றியுள்ள நீர் வடிந்து மூளையே சற்று இறங்கலாம். கட்டி ரப்பர் மாதிரி கெட்டியாக இருந்தால், ஊசி உள்ளே நுழையாமல் அதை ஓரமாகத் தள்ளிவிட்டுப் போகலாம். ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர்தான். ஆனால் கட்டியே ஒரு சுண்டைக்காய் அளவு என்றால்?

நம் நெய்வேலியை நினைத்துப் பாருங்கள். 1930-களில் கிணறு தோண்டியபோது கரிய பொருள் வெளிப்பட்டது. உடனே யாரும் சுரங்கம் வெட்டிவிடவில்லை. பல இடங்களில் துளையிட்டு, மண் உருளைகளை எடுத்து, ஆய்ந்து, 1956-ல்தான் நிறுவனம் உருவானது. துளையிட்டு எடுக்கும் உருளையைப் பெட்டியில் அடுக்கும்போது ஒவ்வொன்றின் மேலும் எந்தத் துளை, எத்தனை மீட்டர் ஆழம் என்று எழுதி வைப்பார்கள். அந்தச் சீட்டு கிழிந்து போனால் உருளை வெறும் மண்தான். மூளைத் திசுவும் அப்படித்தான். எங்கிருந்து வந்தது என்று தெரியாத திசு பாதிச் செய்தி மட்டுமே.

மூன்று கட்டச் சோதனை

முதல் கட்டம் அறுவைக்கு முன். சில கருவிகளோடு 'ஃபேன்டம்' என்ற போலித் தளம் ஒன்று வரும். கணக்கிட்ட மூன்று எண்களையும் அதில் வைத்து, ஊசியைப் பொருத்தி, முனை சரியாக அந்தப் புள்ளியைத் தொடுகிறதா என்று பார்ப்பார்கள். கருவி கோணலாக இருந்தால் இங்கேயே தெரிந்துவிடும். எங்கள் வேலையின் பெரும்பகுதி இந்தக் கட்டத்தைச் சேர்ந்தது.

இரண்டாம் கட்டம் அறுவையின்போதே. எடுத்த திசுவில் துளியைக் கண்ணாடித் தகட்டில் நசுக்கிப் பரப்பி, சாயமிட்டு, நோய்க்குறியியல் நிபுணர் நுண்ணோக்கியில் பார்த்துச் சொல்வார். நோயாளி மேசையில் இருப்பார், ஊசியும் அப்படியே இருக்கும். "மாறுபட்ட செல்கள் தெரிகின்றன" என்று வந்தால் நிம்மதி. "சாதாரண மூளைதான்" என்று வந்தால் ஆழத்தைச் சில மில்லிமீட்டர் மாற்றி மறுபடி எடுப்பார்கள். நடுவில் ஒரு பொல்லாத பதிலும் உண்டு. அதன் பெயர் கிளையோசிஸ். மூளையில் எங்கே தொல்லை இருந்தாலும் அக்கம்பக்கத்தில் உண்டாகும் தழும்பு மாதிரியான மாற்றம் அது. பக்கத்து வீட்டில் கல்யாணம் என்று தெரிகிறது, எந்த வீடு என்று தெரியவில்லை. அந்த மாதிரி.

இப்போது வேறொரு வசதியும் வந்திருக்கிறது. புற்றுத் திசுவில் சேர்ந்து நீல ஒளியில் சிவப்பாக ஒளிரும் மருந்தை முன்கூட்டியே குடிக்கக் கொடுக்கிறார்கள். ஃப்ளோரசின் என்ற சாயத்தை ஊசியில் ஏற்றினால் பசும் மஞ்சளாக ஒளிரும். எடுத்த துணுக்கு ஒளிர்ந்தால் நல்ல அடையாளம். ஆனால் எல்லாக் கட்டியும் ஒளிராது.

மூன்றாம் கட்டம் அறுவைக்குப் பின். இதைத்தான் நான் வலியுறுத்திப் பேச வந்தேன். ஊசியை எடுத்த பிறகு நோயாளிக்கு மறுபடி ஒரு சி.டி. ஸ்கேன் எடுப்பது வழக்கம். முதல் நோக்கம் உள்ளே இரத்தக் கசிவு இருக்கிறதா என்று பார்ப்பது. அதே படம் இன்னொரு கேள்விக்கும் பதில் சொல்லும். ஊசி எங்கே போய் நின்றது?

ஊசி போன இடத்தில் சிறிதளவு காற்று தங்கும். சில அறுவை மருத்துவர்கள் ஊசியை உருவுவதற்கு முன் வேண்டுமென்றே மிகச் சிறிய அளவு காற்றை விட்டுவிட்டு வருவார்கள். ஹௌன்ஸ்ஃபீல்ட் பெயரால் வழங்கும் அளவுகோலில் தண்ணீருக்குப் பூஜ்யம், காற்றுக்குக் கழித்தல் 1000. மூளைத் திசு முப்பது, நாற்பது என்ற அளவில் இருக்கும். எனவே சாம்பல் நிற மூளையில் காற்று மட்டும் மை வைத்தாற்போல் கறுப்பாகத் தெரியும். புது இரத்தம் துளி இருந்தால் அது வெள்ளையாகத் தெரியும். கறுப்போ வெள்ளையோ, அந்தப் புள்ளி கட்டியின் உள்ளே விழுந்திருக்கிறதா, ஓரத்தில் நிற்கிறதா, வெளியே கிடக்கிறதா என்று பார்த்தால் போதும். அந்தக் காற்றைச் சில நாட்களில் உடம்பே உறிஞ்சிக்கொள்ளும். செலவில்லாத அடையாளம்!

எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். காற்று மேலே போகும் குணமுள்ளது. கட்டிக்குள் நீர்ப்பை இருந்தால் குமிழி அதன் உச்சிக்குப் போய்விடும். ஊசி போன பாதையிலும் காற்று இருக்கலாம். ஆகவே புள்ளியை மட்டும் பார்க்காமல் பாதையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். முன்பெல்லாம் இரண்டு ஃபிலிம்களை விளக்குப் பெட்டியில் பக்கத்தில் பக்கத்தில் மாட்டிக் கண்ணால் ஒப்பிடுவார்கள். இன்று கணினி முன் படத்தையும் பின் படத்தையும் ஒன்றின் மேல் ஒன்றாகப் பொருத்திக் காட்டுகிறது. திட்டமிட்ட புள்ளிக்கும் போய்ச் சேர்ந்த புள்ளிக்கும் உள்ள தூரத்தை மில்லிமீட்டரில் படிக்கலாம்.

இதனால் என்ன லாபம்?

"அதான் ரிசல்ட் வந்துடுச்சே, அப்புறம் எதுக்கு இதெல்லாம்?" என்று கேட்பவர்கள் உண்டு. பெரும்பாலான மருத்துவமனைகளின் கணக்கில் இந்தப் பயாப்ஸி நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் விடை தந்துவிடுகிறது. மீதிப் பேரை நினைத்துப் பாருங்கள். "குறிப்பாக நோய் எதுவும் காணப்படவில்லை" என்று அறிக்கை வருகிறது. இதற்கு இரண்டு அர்த்தம். இடம் சரி, ஆனால் திசு விடை சொல்லவில்லை. அல்லது, இடமே தப்பு. அறிக்கைக் காகிதத்தில் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

இடம் சரி என்று உறுதியானால் டாக்டர்கள் வேறு காரணத்தைத் தேடுவார்கள். லிம்ஃபோமா என்ற ஒரு வகைக் கட்டி இருக்கிறது. பயாப்ஸிக்கு முன்பே ஸ்டீராய்டு கொடுத்துவிட்டால் அது கரைந்து, சரியான இடத்தில் எடுத்தாலும் பிடிபடாமல் போகலாம். இடம் தப்பு என்று தெரிந்தால் மறுபடி எடுப்பதைத் தவிர வழியில்லை. விடை வந்தவர்களுக்கும் இது பொருந்தும். ஒரே கட்டியில் நடுப்பகுதி ஒரு மாதிரி, ஓரம் ஒரு மாதிரி இருக்கும். ஓரத்தில் எடுத்த திசு நோயின் வேகத்தைக் குறைத்துக் காட்டக்கூடும்.

எங்கள் பகுதியைச் சேர்ந்த ஒரு பெரியவருக்கு ஒரு மருத்துவமனையில் இந்தப் பயாப்ஸி நடந்தது. அறிக்கையில் கிளையோசிஸ் என்று மட்டும் வந்தது. அவர் மகன் எனக்குப் போன் செய்தார். "தம்பி, கேன்சர் இல்லைன்னு வந்துடுச்சு. அப்பாவுக்கு ஒண்ணும் இல்லதானே?" என்றார். குரலில் அத்தனை சந்தோஷம். "அண்ணே, அதை நான் சொல்லக்கூடாது. டாக்டர்கிட்ட ஒரே ஒரு கேள்வி கேளுங்க. ஊசி போட்ட பிறகு எடுத்த ஸ்கேன்ல, ஊசி நின்ன இடம் கட்டிக்குள்ள தெரியுதான்னு கேளுங்க" என்றேன். அந்த ஸ்கேனை இரத்தக் கசிவுக்காக மட்டும் பார்த்து, 'கசிவு இல்லை' என்று எழுதி வைத்திருந்தார்கள். மறுபடி எடுத்துப் பார்த்தபோது கறுப்புப் புள்ளி கட்டிக்கு வெளியே, வீங்கிய ஓரத்தில் இருந்தது. ஏறக்குறைய எட்டு மில்லிமீட்டர் தள்ளி. வேறு ஓர் இடத்தில் மறுபடி பயாப்ஸி செய்தார்கள். காசநோய்க் கட்டி என்று தெரிந்தது. மாத்திரையில் குணமாகும் நோய். அந்தப் படத்தை யாரும் இரண்டாவது முறை பார்க்காமல் இருந்திருந்தால் 'ஒன்றும் இல்லை' என்ற நிம்மதியோடே அவர் மோசமாகியிருப்பார்.

ஒரு நோயாளிக்கு மட்டும் அல்ல, நாட்டுக்கே இது பொருந்தும். 1980-களில் நம் நாட்டில் வலிப்பு நோயாளிகள் பலரின் ஸ்கேனில் ஒரே ஒரு சிறு வளையப் புள்ளி தெரிந்தது. காசநோய்தான் என்று எண்ணிப் பலருக்குக் காசநோய் மருந்து கொடுத்து வந்தார்கள். வேலூரில் டாக்டர் மாத்யூ சாண்டி, டாக்டர் வேதாந்தம் ராஜசேகர் குழுவினர் அத்தகைய புள்ளிகளை அறுவை செய்து எடுத்துத் திசுவைப் பார்த்தார்கள். பலவற்றில் இருந்தது காசநோய் அல்ல, நாடாப்புழுவின் லார்வா. 1989-ல் 'லான்செட்' இதழில் அதை வெளியிட்டார்கள். பின்னர் அவர்கள் வகுத்த அளவுகோல்களால், அறுவையே இல்லாமல், தேவையற்ற காசநோய் மருந்தும் இல்லாமல், எத்தனையோ பேர் வைத்தியம் பெற முடிந்தது. அந்தத் திசு புள்ளியிலிருந்தே வந்தது என்று உறுதியாக இருந்ததால்தான் அந்த முடிவு நின்றது. பக்கத்துத் தழும்பிலிருந்து வந்திருந்தால் நாடே இன்னும் கொஞ்ச காலம் தப்பான மருந்தைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்.

மாணவத் தம்பி தங்கைகளுக்கு

நீங்கள் எல்லோரும் மருத்துவமனைக்கு வரப்போவதில்லை. பாலம் கட்டுவீர்கள், மென்பொருள் எழுதுவீர்கள், மின்நிலையம் நடத்துவீர்கள். எங்கே போனாலும் இந்த ஒன்று உதவும். குறி வைத்த கருவியையே 'குறி தப்பியதா' என்று கேட்காதீர்கள். அது தான் கணக்கிட்ட எண்ணையே திருப்பிச் சொல்லும். சட்டத்தின் எண்கள் சொன்ன இடத்தை, அந்தச் சட்டத்துக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு காற்றுக் குமிழி சரிபார்க்கிறது. சாட்சி வேறு வழியாக வர வேண்டும்.

இன்னொன்று. சோதித்துப் பார்ப்பது சந்தேகப் புத்தி அல்ல, செய்தவரை அவமதிப்பதும் அல்ல. நான் பார்த்தவரை மிகத் தேர்ந்த அறுவை மருத்துவர்கள்தான் அறுவை முடிந்த கையோடு முதல் ஆளாக ஸ்கேன் அறையில் வந்து நிற்பவர்கள். கை தேர்ந்தவர்களுக்குத்தான் கை தப்பக்கூடும் என்பதும் தெரியும்.

முன்னாள் மாணவ நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நம் பகுதி மக்கள் தலை சம்பந்தமான நோய் என்றால் சிதம்பரம், புதுச்சேரி, சென்னை, வேலூர் என்று அலைகிறார்கள். அவர்கள் கையில் ஒரு பெரிய உறை இருக்கும். அதற்குள் என்ன இருக்கிறது என்று பலருக்குத் தெரியாது. அறுவைக்கு முன் எடுத்த படம், பின் எடுத்த படம், திசு அறிக்கை, மூன்றையும் பத்திரமாகச் சேர்த்து வைக்கச் சொல்லுங்கள். 'ஒன்றும் இல்லை' என்று அறிக்கை வந்தால், எந்த இடத்தில் ஒன்றும் இல்லை என்று மரியாதையோடு டாக்டரிடம் கேட்கச் சொல்லுங்கள். நல்ல டாக்டர் யாரும் அதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.